குழந்தைக்காகப் பேசுபவரும் அரசின் பணமும்: அமெரிக்க மாநிலங்களில் குழந்தை ஆதரவாளர் திட்டங்களின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில், வீட்டில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான குழந்தையை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், அது பற்றி நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும். குழந்தை பெற்றோரிடம் திரும்ப வேண்டுமா, உறவினரிடம் இருக்க வேண்டுமா, வளர்ப்புக் குடும்பத்தில் தங்க வேண்டுமா, தத்துக் கொடுக்கப்பட வேண்டுமா என்பதை நீதிபதி முடிவு செய்வார். இவ்வழக்கில் மாநிலக் குழந்தைகள் நலத் துறைக்கு வழக்கறிஞர் உண்டு. பெற்றோரும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். யாரைப் பற்றிய வழக்கோ அந்தக் குழந்தைக்காகப் பேச நியமிக்கப்படுபவரே குழந்தை ஆதரவாளர் ஆவார். இவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் இப்பணியைச் செய்கின்றனர்.

இத்திட்டங்களுக்கான பணத்தில் பெரும்பங்கு அரசிடமிருந்தே வருகிறது. ஆனால் ஆதரவாளர் நீதிமன்றத்தில் பல வேளைகளில் அதே அரசின் துறைக்கு எதிராகவே பேச வேண்டியிருக்கும். "இந்தக் குழந்தைக்கு வாக்களித்த மருத்துவ உதவியைத் துறை செய்யவில்லை" என்றோ, "துறை தேர்ந்தெடுத்த வீடு பாதுகாப்பானதல்ல" என்றோ அவர் சொல்ல நேரலாம். கூலி கொடுப்பவரைக் குறை சொல்ல வேண்டிய வேலை இது. ஆகவே பணத்தை அரசிடம் பெற்றுக்கொண்டு, பேச்சை மட்டும் அரசின் கைக்கு அப்பால் வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி இத்திட்டங்களின் வரலாறு முழுவதும் தொடர்கிறது. ஒவ்வொரு மாநிலமும் இதற்குத் தனக்கேயான ஒரு விடையைக் கண்டிருக்கிறது.

தனியார் சங்கங்களின் காலம்

அமெரிக்காவில் குழந்தைப் பாதுகாப்பின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1874ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடந்த மேரி எல்லன் வில்சன் வழக்கு. பத்து வயதுச் சிறுமியான மேரி எல்லன், வளர்ப்புத் தாயால் தொடர்ந்து அடிக்கப்பட்டு வீட்டுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்தாள். ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று தொண்டு செய்துவந்த எட்டா வீலர் என்ற பெண்மணி இதை அறிந்து பல இடங்களில் முறையிட்டார். எங்கும் உதவி கிடைக்காமல், விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நிறுவனர் ஹென்றி பெர்க்கிடம் சென்றார். பெர்க்கின் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி சிறுமியை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்தார். வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

விலங்குகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ்தான் இச்சிறுமி மீட்கப்பட்டாள் என்று பலரும் எழுதுவதுண்டு. அது சரியன்று. பெர்க் தனி மனிதராகவே இதில் ஈடுபட்டார். ஒருவரைச் சட்டவிரோதக் காவலிலிருந்து மீட்பதற்கான பழைய நீதிப்பேராணை ஒன்றையே கெர்ரி பயன்படுத்தினார். குழந்தைகளைக் காக்கச் சட்டம் அறவே இல்லாமல் இருந்தது என்பதும் முழு உண்மையன்று. அச்சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குழந்தைக்காக நீதிமன்றம் செல்லும் பொறுப்பு எவருக்கும் இல்லை என்பதே அன்றைய குறை.

அக்குறையைப் போக்க 1874 இறுதியில் நியூயார்க் குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. இதைப் பின்பற்றி, நூற்றாண்டின் முடிவுக்குள் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்கள் தோன்றின. இவை தனியார் அமைப்புகள். எனினும் குற்றங்களை விசாரிக்கவும் குழந்தைகளை மீட்கவும் சட்டம் இவற்றுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது.

மேற்பார்வை பற்றிய முதல் பெரிய சண்டையும் இச்சங்கத்தை மையமாக வைத்தே நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் அறநிலைய வாரியம், தனக்குள்ள அதிகாரத்தின்படி சங்கத்தை ஆய்வு செய்ய முயன்றது. கெர்ரியின் சங்கம் இதற்கு உடன்படவில்லை. தாங்கள் நடத்துவது அறநிலையம் அல்ல, குழந்தைகள் தொடர்பான சட்டங்களை நடைமுறைப்படுத்தும் பணி என்பது சங்கத்தின் வாதம். 1900ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் உச்சநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இதனால் குழந்தைகளை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லும் அதிகாரம் படைத்த ஓர் அமைப்பு, அந்த வாரியத்தின் ஆய்வுக்கு வெளியே நின்றது. தன்னுரிமை அளவுக்கு மீறினால் அதுவும் குழந்தைக்கு ஆபத்தாகலாம் என்பதை இவ்வழக்கு முன்கூட்டியே காட்டியது.

நீதிமன்றமே பெற்றோர் என்ற எண்ணம்

1899இல் இல்லினாய் மாநிலத்தின் குக் கவுண்டியில், அதாவது சிகாகோ நகரில், நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் தொடங்கியது. கவுண்டி என்பது நம் மாவட்டத்துக்கு ஒப்பான ஆட்சிப் பிரிவு. 1912இல் நடுவண் அரசில் குழந்தைகள் பணியகம் அமைக்கப்பட்டு, ஜூலியா லாத்ரப் அதன் முதல் தலைவரானார். குழந்தைகள் நலன் தனியார் சங்கங்களின் கையிலிருந்து மெல்ல மெல்ல அரசின் கைக்கு மாறியது.

பெற்றோர் தவறும்போது அரசே பெற்றோராகிறது என்ற பழைய ஆங்கிலச் சட்டக் கோட்பாடே சிறார் நீதிமன்றங்களுக்கு அடிப்படை. நீதிபதியே தந்தையைப் போல் குழந்தையின் நலத்தைப் பார்த்துக்கொள்வார் என்பதால், குழந்தைக்குத் தனியாக ஒருவர் வாதாடத் தேவையில்லை என்று கருதப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த எண்ணமே நிலவியது.

1967ஆம் ஆண்டு கால்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதை அசைத்தது. அரிசோனாவில் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுச் சிறுவன், தொலைபேசியில் ஒரு பெண்ணிடம் ஆபாசமாகப் பேசியதாகக் குற்றம் சாட்டப்பட்டான். 21 வயது ஆகும்வரை, அதாவது ஆறு ஆண்டுகள் வரை, சீர்திருத்தப் பள்ளியில் அடைக்க அவனுக்கு உத்தரவிடப்பட்டது. அதே குற்றத்தை வயது வந்தவர் செய்திருந்தால் 50 டாலருக்கு மிகாத அபராதமோ இரண்டு மாதச் சிறையோதான் கிடைத்திருக்கும். இத்தகைய வழக்குகளில் சிறுவர்களுக்கு வழக்கறிஞர் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் அத்தீர்ப்பு குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களுக்கே பொருந்தியது. கொடுமைக்கு ஆளான குழந்தையின் வழக்கை அது தொடவில்லை. இதனால் குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்ட சிறுவனுக்குப் பேச ஆள் இருந்தது. அடிபட்ட குழந்தைக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை.

1974ஆம் ஆண்டுச் சட்டம்

இதற்கிடையே 1962இல் மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய குழுவினரும், அடிபட்ட குழந்தைகளிடம் காணப்படும் உடற்குறிகளை விளக்கி ஒரு மருத்துவக் கட்டுரை வெளியிட்டனர். எலும்பு முறிவுகளுக்கு வீட்டில் நடக்கும் கொடுமை காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினர். அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும், குழந்தைக் கொடுமை பற்றிய ஐயத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்தை இயற்றின. புகார்கள் பெருகின. வழக்குகளும் பெருகின.

செனட்டர் வால்ட்டர் மாண்டேல் முன்னின்று கொண்டுவந்த குழந்தைக் கொடுமைத் தடுப்பு மற்றும் சிகிச்சைச் சட்டத்தில் 1974 ஜனவரி 31 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். இச்சட்டத்தின் கீழ் மானியம் பெற விரும்பும் மாநிலம், நீதிமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக் கொடுமை வழக்கிலும் குழந்தைக்கு ஒரு 'வழக்குக் காப்பாளரை' நியமிக்க வேண்டும். தன் வழக்கைத் தானே நடத்த இயலாத ஒருவருக்காக அந்த வழக்கின் அளவில் மட்டும் நியமிக்கப்படுபவரே வழக்குக் காப்பாளர்.

நடுவண் அரசு இதை நேரடியாகக் கட்டளையிடவில்லை. மானியத்துக்கான நிபந்தனையாகவே வைத்தது. அந்த மானியமோ சிறியது. பிற்காலத்தில் பல ஆண்டுகள், நாட்டின் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி டாலரே வழங்கப்பட்டது. 2018இல்தான் அது எட்டரைக் கோடி டாலர் அளவுக்கு உயர்ந்தது. அத்தொகையும் வழக்குக் காப்பாளருக்கு மட்டுமானதல்ல. கடமை பெரியது, கொடுக்கப்பட்ட பணம் சிறியது. மீதிச் செலவை யார் ஏற்பது என்பதை மாநிலங்களே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சியாட்டில் நீதிபதியின் வழி

வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில் டேவிட் சௌகப் என்ற நீதிபதி சிறார் வழக்குகளை விசாரித்துவந்தார். குழந்தையைப் பற்றிப் போதிய தகவல் இல்லாமலே அதன் வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டியிருப்பது அவரைத் தூங்கவிடவில்லை. துறையின் சமூகப் பணியாளர் தம்மிடமுள்ள பல வழக்குகளில் ஒன்றாகவே அதைப் பார்த்தார். வழக்கறிஞர்களை நியமித்தாலும் அவர்களுக்குக் குழந்தையின் வீட்டுக்கும் பள்ளிக்கும் சென்று விசாரிக்க நேரமோ பயிற்சியோ இல்லை.

பயிற்சி பெற்ற பொதுமக்களையே இப்பணிக்கு நியமித்தால் என்ன என்று சௌகப் எண்ணினார். இது பற்றிப் பேச 1976இல் மதிய உணவு வேளையில் சிலரை அழைத்தார். நாலைந்து பேர் வந்தால் போதும் என்று நினைத்த இடத்தில் ஐம்பது பேர் வரை வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1977 ஜனவரியில் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் 110 தன்னார்வலர்கள் 376 வழக்குகளில் 498 குழந்தைகளுக்காகப் பணியாற்றினர். இவர்களுக்கு 'நீதிமன்றம் நியமித்த சிறப்பு ஆதரவாளர்' என்று பெயர் வழங்கியது.

தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை. அதனால் துறைக்கோ கவுண்டிக்கோ பயப்படத் தேவையில்லை. பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு குழந்தையை, அல்லது ஒரே வீட்டுப் பிள்ளைகளை மட்டும் அவர் கவனிப்பார். வழக்கு முடியும்வரை பணியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் இவர் மாறமாட்டார். இவையே இம்முறையின் பலம்.

1982இல் இதற்கான தேசியச் சங்கம் அமைந்தது. 1990ஆம் ஆண்டு குழந்தைக் கொடுமையால் பாதிக்கப்பட்டோர் சட்டம் இத்திட்டங்களுக்கு நடுவண் நிதிக்கு வழி செய்தது. 1996இல் 1974ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, வழக்குக் காப்பாளர் வழக்கறிஞராகவோ சிறப்பு ஆதரவாளராகவோ இருக்கலாம், இருவரும் சேர்ந்தும் இருக்கலாம் என்று தெளிவாக்கப்பட்டது.

ஆனால் தன்னார்வலர் இலவசமாக வேலை செய்தாலும் திட்டம் இலவசமாக நடப்பதில்லை. அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குற்றப் பின்னணி உண்டா என்று சரிபார்க்க வேண்டும். தேசியச் சங்கத்தின் தர விதிகளின்படி 30 மணி நேரத் தொடக்கப் பயிற்சியும் ஆண்டுதோறும் 12 மணி நேரப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். அவருடைய அறிக்கைகளைப் பார்த்து வழிநடத்தச் சம்பளம் பெறும் மேற்பார்வையாளர் வேண்டும். இந்தச் செலவுக்காகவே திட்டங்கள் மாநில அரசுகளை நாடின.

மாநிலங்கள் தேர்ந்த வழிகள்

வடக்குக் கரோலினா 1983இல் சட்டம் இயற்றி, வழக்குக் காப்பாளர் திட்டத்தை மாநில நீதிமன்றங்களின் நிர்வாக அலுவலகத்தின் கீழ் வைத்தது. தன்னார்வலர், வழக்கறிஞர், திட்டப் பணியாளர் ஆகிய மூவரும் ஒரு குழுவாகக் குழந்தைக்காகப் பணியாற்றுகின்றனர். குழந்தைகள் நலத் துறையின் கைக்கு அப்பால் திட்டம் இருப்பது இதன் நன்மை. தீர்ப்பளிக்கும் அமைப்பே, தன் முன் வந்து பேசும் ஒரு தரப்பையும் நிர்வகிக்கிறது என்பது இதன் மீது வைக்கப்படும் கேள்வி.

ஃபுளோரிடாவில் 1980 முதல் நீதிமன்றங்களின் பொறுப்பிலேயே இத்திட்டம் நடந்துவந்தது. 2002இல், அம்மாநிலத் துறையின் பொறுப்பில் இருந்த ஒரு சிறுமி ஓராண்டுக்கும் மேலாகக் காணாமல் போயிருந்தும் துறை அதை அறியாமல் இருந்தது வெளிவந்து நாட்டையே அதிரவைத்தது. குழந்தைகள் நலத் துறையைத் துறைக்கு வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டியதன் தேவை பெரிதாகப் பேசப்பட்டது. 2003இல் சட்டமன்றம் மாநில அளவிலான வழக்குக் காப்பாளர் அலுவலகத்தை உருவாக்கியது. 2004 முதல் அது செயல்பட்டது. அதன் செயல் இயக்குநரை ஆளுநர் நியமிக்கிறார். (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாநில அரசின் தலைவர். நம் நாட்டு முதலமைச்சருக்கு ஒப்பானவர்.) கணக்கு வழக்கு போன்ற அலுவல் உதவிகளுக்காக நீதி நிர்வாக ஆணையம் என்ற அமைப்புடன் இவ்வலுவலகம் இணைக்கப்பட்டது. ஆனால் தன் கடமைகளைச் செய்வதில் அந்த ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கோ மேற்பார்வைக்கோ உத்தரவுக்கோ அது உட்பட்டதல்ல என்று சட்டமே சொல்கிறது. காசோலை ஒருவர் கையில், கருத்து மற்றவர் கையில் என்று பிரித்து வைக்கும் முயற்சி இது.

வர்ஜீனியாவில் குற்றவியல் நீதிச் சேவைகள் துறை இத்திட்டத்தை நிர்வகிக்கிறது. உள்ளூர்த் திட்டங்களுக்கு மானியம் கொடுப்பதும், பயிற்சிக்கும் தகுதிக்கும் விதிகள் வகுப்பதும் அத்துறையின் வேலை. வழக்கில் என்ன பேச வேண்டும் என்பது தன்னார்வலரின் வேலை. குழந்தைக்குத் தனியாக ஒரு வழக்கறிஞரும் வழக்குக் காப்பாளராக நியமிக்கப்படுவதால், தன்னார்வலர் அவருக்குத் துணையாகச் செயல்படுகிறார்.

டெக்சாசில் இலாப நோக்கற்ற உள்ளூர் அமைப்புகள் இத்திட்டங்களை நடத்துகின்றன. மாநில அளவிலான ஒரு கூட்டமைப்பு, அரசுடன் ஒப்பந்தம் செய்து நிதியைப் பெற்று உள்ளூர் அமைப்புகளுக்குப் பகிர்கிறது. உள்ளூர் நன்கொடைகளும் சேர்கின்றன. பணம் பல வழிகளில் வருவதால் எந்த ஒரு கையும் திட்டத்தை முழுதாகப் பிடிக்க முடியாது என்பது இதன் பலம். செல்வம் குறைந்த ஊரகக் கவுண்டிகளில் நன்கொடை குறைவாகக் கிடைக்கும் என்பது இதன் பலவீனம்.

அலாஸ்காவோ 1984இல் பொது ஆதரவு அலுவலகம் என்ற அரசு அலுவலகத்தை அமைத்து, குழந்தைகளின் வழக்குக் காப்பாளர் பணியையும் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத பெரியவர்களின் காப்பாளர் பணியையும் அதன் பொறுப்பில் விட்டது.

பணம் வரும் வழிகள்

மாநில வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும் தொகை முதல் வழி. வரி வருவாய் குறையும் ஆண்டுகளில் முதலில் வெட்டு விழும் இடங்களில் இத்தகைய திட்டங்களும் அடங்கும். குழந்தைகளுக்கு வாக்குரிமை இல்லை. அவர்களின் வழக்குகள் பெரும்பாலும் பொதுமக்கள் பார்வைக்கு அப்பால் நடப்பதால், ஒதுக்கீடு குறைந்ததன் விளைவும் எளிதில் வெளியே தெரிவதில்லை.

இதைத் தவிர்க்கச் சில மாநிலங்கள் தனி வருவாய் வழிகளைக் கண்டன. அரிசோனாவில், வென்றவர்கள் வந்து வாங்காமல் விட்ட லாட்டரிப் பரிசுத் தொகையில் 30 விழுக்காடு சிறப்பு ஆதரவாளர் நிதிக்குச் செல்லும்படி சட்டம் வகுக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மன்றாட வேண்டிய தேவை இதனால் குறைகிறது. ஆனால் எத்தனை பேர் தங்கள் சீட்டைத் தொலைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வருமானம் மாறும்.

பல மாநிலங்களில் பெரிய தூணாக நின்றது, 1984ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிதியம். நடுவண் நீதிமன்றங்களில் குற்றவாளிகள் கட்டும் அபராதமே இதன் வருவாய், வரிப்பணம் அல்ல. இந்நிதி மாநில அரசுகளின் வழியாகப் பகிரப்படுவதால், நடுவண் பணத்துக்கும் மாநிலமே வாயிற்காவலராகிறது. இந்நிதியத்திலிருந்து ஓராண்டில் எடுக்கக்கூடிய உச்சவரம்பு 2014 நிதியாண்டில் 74.5 கோடி டாலராக இருந்து, அடுத்த ஆண்டில் 236 கோடியாக உயர்த்தப்பட்டது. 2018இல் அது 440 கோடியைத் தாண்டியது. திட்டங்கள் வேகமாக விரிந்தன. பின்னர் பெரிய நிறுவனங்களின் வழக்குகள் அபராதத் தீர்ப்பில்லாமல் உடன்படிக்கையில் முடிவது பெருகியதால் நிதியத்தின் வருவாய் சுருங்கியது. அந்த உடன்படிக்கைத் தொகைகளையும் நிதியத்தில் சேர்க்க 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. இருந்தும் 2024இல் உச்சவரம்பு 135 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. நல்ல ஆண்டுகளில் வேலைக்கு எடுக்கப்பட்ட மேற்பார்வையாளர்களைத் தக்கவைக்கும் சுமை மாநிலங்களின் மீது விழுந்தது.

குறைந்த பணமும் ஒரு கட்டுப்பாடே

ஆதரவாளரின் வாயை அடைக்க அரசு அவருக்கு உத்தரவிட வேண்டியதில்லை. போதிய பணம் கொடுக்காமல் இருந்தாலே போதும். ஜார்ஜியாவில் நடந்த 'கென்னி ஏ.' வழக்கு இதற்குச் சான்று. அட்லாண்டா நகரம் பரந்து கிடக்கும் ஃபுல்ட்டன், டிகால்ப் கவுண்டிகளில் அரசின் பராமரிப்பில் இருந்த குழந்தைகளின் சார்பில் 2002இல் இவ்வழக்கு தொடுக்கப்பட்டது.

குழந்தைகளுக்கு அங்கே வழக்கறிஞர்கள் இல்லாமல் இல்லை. ஃபுல்ட்டன் கவுண்டியில் ஒரு வழக்கறிஞருக்கு 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். ஒருவர் 100 குழந்தைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது குழந்தைகளுக்கான வழக்கறிஞர்களின் தேசியச் சங்கம் பரிந்துரைத்த அளவு. நானூறு குழந்தைகளை வைத்திருப்பவர் ஒரு குழந்தையை நேரில் சந்திப்பதே அரிது. 2005இல் நடுவண் மாவட்ட நீதிமன்றம், இவ்வகை வழக்குகளில் குழந்தைகளுக்கு ஜார்ஜியா அரசியலமைப்பின்படி வழக்கறிஞர் உரிமை உண்டு என்றும், அவ்வுரிமை பெயரளவில் இருந்தால் போதாது, பயனுள்ளதாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. பின்னர் இரு கவுண்டிகளும் வழக்குச் சுமையைக் குறைக்க உடன்பட்டன. 2018 இறுதியில் நடுவண் அரசின் குழந்தைகள் பணியகம், குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் வாதாடும் வழக்கறிஞர்களுக்கு மாநிலங்கள் செய்யும் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்ய முன்வந்தது. சுமையைக் குறைக்க இதுவும் ஒரு வழியானது.

அரசின் ஊழியர் அரசின் மீது தொடுத்த வழக்கு

தனித்தனி வழக்குகளில் பேசும் ஆதரவாளர்கள் ஒரு வகை. முழு அமைப்பையும் கண்காணிக்கும் குழந்தைகள் ஆதரவாளர் அலுவலகங்கள் மற்றொரு வகை. ரோட் ஐலண்ட் மாநிலம் 1980இல் இத்தகைய அலுவலகத்தை அமைத்தது. கனெக்டிகட் 1995இல் அமைத்தது. ரோட் ஐலண்டில் ஆதரவாளரை ஆளுநர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. பதவிக் காலம் ஐந்து ஆண்டுகள். குழந்தைகளின் உரிமைகளைக் காக்க நீதிமன்ற நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு.

இந்த அதிகாரத்தின் எல்லை 2007இல் சோதிக்கப்பட்டது. அரசின் பராமரிப்பில் உள்ள குழந்தைகள் அங்கேயே மீண்டும் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்று கூறி, மாநிலத்தின் அன்றைய குழந்தைகள் ஆதரவாளர், தேசிய உரிமை அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து ஆளுநரையும் அதிகாரிகளையும் எதிர்த்து நடுவண் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மாநிலத்திடம் சம்பளம் வாங்கும் ஒருவர் அம்மாநிலத்தின் மீதே தொடுத்த வழக்கு அது. குழந்தைகளின் சார்பில் வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதற்குத் தகுதியில்லை என்பது உள்ளிட்ட காரணங்களால் கீழமை நீதிமன்றம் முதலில் அதைத் தள்ளியது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மீட்டது. மீண்டும் ஒரு முறை தள்ளப்பட்டு, மீண்டும் உயிர்பெற்று, 2018இல் சமரச உடன்பாட்டில் முடிந்தது. வழக்கு தொடங்கியபோது ஐந்து வயதாக இருந்த குழந்தைக்கு அது முடிந்தபோது பதினாறு வயது ஆகியிருக்கும்.

வழக்கு வென்றதா தோற்றதா என்பதைவிட, அதைத் தொடுக்க முடிந்தது என்பதே இங்கு முக்கியம். ஆதரவாளரின் பதவிக் காலமும் வழக்காடும் அதிகாரமும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்ததால்தான் அது நடந்தது.

விமர்சனங்கள்

இத்திட்டங்கள் குறையற்றவை அல்ல. குழந்தையின் விருப்பத்தைச் சொல்வதா, குழந்தைக்கு எது நல்லது என்று தாம் கருதுவதைச் சொல்வதா என்ற கேள்வி தீராதது. "அம்மாவிடம் போக வேண்டும்" என்று குழந்தை சொல்லும். வேண்டாம் என்று ஆதரவாளர் அறிக்கை கொடுப்பார். குழந்தையின் சொல்லையே முன்வைக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்ற திசையில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1996இல் தர விதிகளை ஏற்றது.

மற்றொரு விமர்சனம் தன்னார்வலர்களின் பின்னணி பற்றியது. இவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்க வெள்ளையினப் பெண்கள். அரசு எடுத்துச் செல்லும் குழந்தைகளிலோ ஏழைகளும் கறுப்பினத்தவரும் பழங்குடியினரும் அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட மிகுதி. வறுமையைப் புறக்கணிப்பாகத் தவறாகப் படிக்கும் ஆபத்து இதில் உண்டு. சட்டம் படிக்காத ஒருவரின் கருத்துக்கு, பெற்றோரின் உரிமையைப் பறிக்கும் அளவு எடை கொடுப்பது சரியா என்றும் சட்ட அறிஞர்கள் கேட்டுள்ளனர். குழந்தையை மீட்டோம் என்ற எண்ணத்தில் ஒரு குடும்பத்தை உடைத்துவிடக் கூடும் என்பதால், ஆதரவாளருக்கும் மேற்பார்வை தேவை என்பதை இவ்விமர்சனங்கள் நினைவூட்டுகின்றன. 1900ஆம் ஆண்டு நியூயார்க் வழக்கில் எழுந்த கேள்வியும் இதுவே.

மதிப்பீடு

இந்த வரலாறு இரு எல்லைகளைக் காட்டுகிறது. மேற்பார்வையே இல்லாத ஆதரவாளர், கெர்ரியின் சங்கத்தைப் போல், எவருக்கும் கணக்குச் சொல்லாத அதிகாரமாகிவிடலாம். துறையின் கைக்குள்ளேயே இருக்கும் ஆதரவாளர், துறைக்கு இன்னொரு கையெழுத்தாகிவிடலாம். இடையில் நிற்கும் திட்டங்களில் சில பொதுவான கூறுகள் உண்டு. பயிற்சி, பின்னணிச் சரிபார்ப்பு, கணக்குத் தணிக்கை, வழக்குச் சுமையின் அளவு ஆகியவற்றை அரசு மேற்பார்வையிடுகிறது. ஒரு குறிப்பிட்ட குழந்தையைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதில் அது தலையிடுவதில்லை. இந்தக் கோடு அதிகாரிகளின் நல்லெண்ணத்தில் விடப்படாமல் சட்டத்தில் எழுதப்படுகிறது. பணம் கொடுப்பது குழந்தைகள் நலத் துறையாக இல்லாமல் வேறொரு அமைப்பாக இருக்கிறது.

இவற்றோடு போதிய பணமும் வேண்டும். கோடு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், நானூறு குழந்தைகளைச் சுமக்கும் ஒருவரால் எந்தக் குழந்தைக்காகவும் பேச முடியாது. மேரி எல்லனுக்காகக் கதவு கதவாகத் தட்டிய எட்டா வீலர் ஒரே ஒரு குழந்தையை மனத்தில் வைத்திருந்தார். அந்த ஒருவரை ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுப்பதற்கான செலவையே மாநிலங்கள் இன்றும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.